அம்புலிமாமா படங்களைத் தேடி எடுத்துப் பாதுகாப்பது எப்படி?

அம்புலிமாமா என்ற சிறுவர் மாத இதழைப் படித்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலானோருக்குக் கதை மறந்திருக்கும், படம் மறந்திருக்காது. எந்த இளவரசன் எந்த நாட்டுக்குப் போனான், யாரைக் கட்டிக்கொண்டு திரும்பினான் என்பதெல்லாம் கலங்கிப் போயிருக்கும். ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து வந்த பூதமும், வேர்களே விரல்களாக நீண்ட மரமும், மேகத்தின்மேல் நின்ற கோட்டையும் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே கண்ணில் நிற்கும். அந்தப் படங்களை மீண்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்கும், கிடைத்த இதழ்களைச் சிதையாமல் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இது பயன்படும். சென்னையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அந்தப் படங்களில் பெரும்பாலானவை வரையப்பட்டு அச்சேறியது இந்த ஊரில், வடபழனியில்தான். அவற்றை அரித்துத் தின்றுகொண்டிருப்பதும் இதே ஊரின் ஈரக்காற்றுதான்.

எடுத்த எடுப்பில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதழைத் தேடுவதற்கு முன்னால் ஓவியரைத் தேடுங்கள். ‘அம்புலிமாமா படம்’ என்று நாம் மொத்தமாகச் சொல்வது உண்மையில் நான்கைந்து பேரின் கைவேலை. எந்தப் படம் எவர் வரைந்தது என்று அடையாளம் தெரிந்துவிட்டால், எந்த ஆண்டுகளின் இதழைப் புரட்ட வேண்டும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்பது தானாகவே தெளிவாகிவிடும். இது தெரியாமல் கிடைத்ததையெல்லாம் மூட்டையாக வாங்கிப் பரணில் போட்டவர்கள் நிறையப் பேர்.

நினைவை முதலில் தாளில் இறக்குங்கள்

தேடலைத் தொடங்குவதற்கு முன், கைப்பேசியைத் திறக்காமல், உங்கள் நினைவில் இருக்கும் படத்தை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கோடு போட வருமென்றால் கிறுக்கியும் வையுங்கள். இணையத்தில் பத்துப் படங்களைப் பார்த்துவிட்டால், அதன்பிறகு எது உங்கள் நினைவு, எது இன்று பார்த்தது என்று பிரிக்கவே முடியாது. அட்டையில் பார்த்ததா, உள்பக்கத்திலா. பல வண்ணமா, ஒற்றை வண்ணச் சாயம் பூசிய கோட்டுப்படமா. பூதத்துக்குக் கொம்பு இருந்ததா. பின்னணியில் இருந்தது கோபுரமா, குகையா, கடலா என்று சிறு சிறு விவரங்களாக எழுதுவது நல்லது. எங்கே படித்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். சலூன் பெஞ்சில் கிழிந்த அட்டையோடு படித்தது என்றால், அது அப்போதைய புது இதழாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. பெரியம்மா வீட்டில் பைண்டு செய்த தொகுப்பில் பார்த்தது என்றால், நீங்கள் பிறப்பதற்கு முன்பே வந்த இதழாகவும் இருக்கலாம். பலர் தாங்கள் படித்த வயதைக் கொண்டு ஆண்டைக் கணக்கிட்டு, பத்து ஆண்டுகள் தள்ளித் தேடிக்கொண்டிருப்பார்கள்.

யாருடைய கை என்று பார்க்கும் முறை

பி. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் ‘சந்தமாமா’ என்று தொடங்கிய இதழ், அதே ஆண்டில் தமிழிலும் அம்புலிமாமாவாக வந்தது. தொடக்க காலத்தின் முக்கியமான ஓவியர் எம்.டி.வி. ஆச்சார்யா. மகாபாரதக் காட்சிகளை அட்டை அட்டையாக வரைந்தவர் அவர். தேரும் கவசமும் கிரீடமும் உங்கள் நினைவில் இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

விக்கிரமனும் வேதாளமும் என்றால் சங்கர். கே.சி. சிவசங்கரன் என்பது முழுப்பெயர். 1924-இல் தாராபுரம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறுவயதிலேயே சென்னைக்கு வந்து, தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓவியப் பள்ளியில் பயின்றவர். 1952-இல் அம்புலிமாமாவில் சேர்ந்து, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வரைந்தார். 2020 செப்டம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அவருடைய விக்கிரமனை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். முதலில் வேதாளத்தை விட்டுவிட்டு அரசனின் பாதங்களைப் பாருங்கள். தரையில் எப்படி ஊன்றியிருக்கின்றன, தோளில் கிடக்கும் பிணத்தின் பாரத்தை இடுப்பு எப்படி வாங்குகிறது, வாள் பிடித்த கையின் தசை எங்கே புடைக்கிறது என்று கவனித்தால், மனித உடலை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து வரைந்த ஒருவருடைய பயிற்சி தெரியும். தோளில் கிடக்கும் அந்தப் பிணத்துக்கு உண்மையான எடை இருப்பதால்தான் அது வாய் திறந்து பேசும் என்பதை எட்டு வயதில் நாம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டோம். இப்படங்களின் மாயம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உலகத்தில் இல்லாத ஒன்றை வரையும்போதும், அதைச் சுற்றியிருக்கும் கல்லும் துணியும் மரமும் நம் ஊர்க் கல்லாகவும் துணியாகவும் மரமாகவும் இருந்தன.

பாதாளக் குகைகளும், பெயர் தெரியாத மிருகங்களும், மந்திரவாதிகளும் நிறைந்த தொடர்கதைப் படங்கள் உங்கள் நினைவில் இருந்தால், நீங்கள் தேடுவது பெரும்பாலும் ‘சித்ரா’ என்ற பெயரில் வரைந்த ராகவனை. தாசரி சுப்பிரமணியம் எழுதிய மாயாஜாலத் தொடர்களுக்கு மாதாமாதம் உருவம் கொடுத்தவர் அவர். பலருடைய குழந்தைப் பருவக் கனவில் வந்து பயமுறுத்தியது அவருடைய பூதங்கள்தான். இருந்தும் சங்கருக்குக் கிடைத்த புகழில் கால் பங்கும் அவருக்குக் கிடைக்கவில்லை. அட்டையில் நீர்வண்ணம் கரைந்து ஓடுவது போன்ற மென்மையும், நகை நட்டு அணிந்த பெண்களின் ஒயிலும் நினைவிருந்தால் அது ‘வபா’, அதாவது ஸ்ரீகாகுளத்தில் பிறந்த வட்டாதி பாப்பய்யா (1921–1992). அவருடைய கையெழுத்து தெலுங்கு எழுத்தில் இருக்கும் என்பதால், தமிழ் இதழில் அதைக் கண்டவர்கள் ஏதோ அலங்காரச் சுழி என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார்கள்.

கையெழுத்து இல்லாத படங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. முகத்தைப் பார்க்காதீர்கள், கதைக்குக் கதை ஓவியர் முகத்தை மாற்றுவார். மரத்தின் பட்டை, துணியின் மடிப்பு, தரையில் கிடக்கும் கூழாங்கல் ஆகிய மூன்றையும் பாருங்கள். இவற்றை ஓவியர் யோசித்து வரைவதில்லை, கை தன் பழக்கத்தில் போட்டுவிட்டுப் போகும். கையெழுத்துள்ள படங்கள் ஐந்தாறை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால், சில வாரங்களில் உங்களுக்கே கண் பழகிவிடும்.

இதே முறை மற்ற இதழ்களுக்கும் பொருந்தும். 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் வெளியீடாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியில், உடல் மறைந்து கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்தக் காட்சியைத் தேடுகிறவர்கள், அதை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ என்று தெரிந்துகொண்டால் தேடல் பாதியாகக் குறையும். ஆனால் காமிக்ஸ் சேகரிப்பு தனி உலகம், விலையும் தனி. இங்கே அதற்குள் போகவில்லை.

சென்னையில் எங்கே தேடுவது

பழைய புத்தகம் என்றாலே ஒரு காலத்தில் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்தான். 1985 மே மாதம் அது எரிந்த பிறகு கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்கும் வேறு இடங்களுக்கும் சிதறிப் போயின. இன்று நடையாக நடப்பதற்கு ஏற்ற இடம் திருவல்லிக்கேணி பாரதி சாலை. பைக்ராப்ட்ஸ் ரோடு என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடைபாதை முழுவதும் புத்தகங்கள் பரவிக் கிடக்கும். மயிலாப்பூர் லஸ் பக்கமும் பார்க்கலாம். அம்புலிமாமா கிடைக்குமா என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்ற பதிலே வரும். உங்கள் எண்ணைக் கொடுத்து, பைண்டு வால்யூம் வந்தாலும் சரி, தனி இதழ் வந்தாலும் சரி, வேறு மொழி என்றாலும் சரி, எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வருவது பலன் தரும். கண்ணெதிரே நீங்கள் தேடிய இதழ் கிடைத்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. கண் விரிந்த மறுகணம் விலை ஏறிவிடும்.

வேறு மொழி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே படங்களை வைத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றி அந்தந்த மொழியின் எழுத்தை நிரப்பித்தான் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் இந்த இதழ் அச்சானது. தமிழ் இதழ் கிடைக்காவிட்டால் தெலுங்கு, கன்னட சந்தமாமாவிலோ, இந்திப் பதிப்பிலோ, மராத்தி ‘சாந்தோபா’விலோ அதே பூதம் அதே பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். தமிழ்ச் சேகரிப்பாளர்கள் பிற மொழி இதழ்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பதால் அவை மலிவாகவும் கிடைக்கும். நமக்கு வேண்டியது படம்தானே.

காலமும் முக்கியம். தீபாவளிக்கு முன்பும், அதைவிடப் போகிக்கு முந்தைய வாரத்திலும்தான் வீடுகளில் பரண் ஒழிக்கிறார்கள். பழைய பேப்பர் கடைக்கு மூட்டைகள் எடைக்கு வந்து சேருவது அப்போதுதான். இரண்டு நாள் தாமதித்தால் லாரி ஏறிவிடும். உங்கள் தெருவிலுள்ள பேப்பர் கடைக்காரரிடம் மார்கழி பிறந்ததுமே சொல்லி வையுங்கள்.

விலை கொடுக்க விருப்பமில்லை, பார்த்தால் போதும் என்பவர்களுக்கு நூலகங்கள் இருக்கின்றன. எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவற்றை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் அமைந்தது. இரண்டு இடங்களிலும் எந்த ஆண்டு, எந்த மாதம் என்று குறிப்பாகக் கேளுங்கள். நீங்கள் எழுதி வைத்த தாள் இங்கேதான் கைகொடுக்கும்.

வாங்குவதற்கு முன்

நடுப்பக்கத்தைத் திறந்து, தாள்களைப் பிணைத்திருக்கும் கம்பி ஊசிகளைப் பாருங்கள். துருப்பிடித்துச் சுற்றிலும் பழுப்பு வளையம் படர்ந்திருந்தால் அந்தத் தாள் அங்கிருந்துதான் முதலில் கிழியும். அதற்கேற்ப விலை பேசலாம். பைண்டு வால்யூம் என்றால், பைண்டிங் செய்தவர் அட்டைகளை நீக்கியிருக்கிறாரா, ஓரங்களை எவ்வளவு வெட்டியிருக்கிறார் என்று கவனியுங்கள். அழகுக்காக மூன்று பக்கமும் மழித்த வால்யூம்களில் ஓவியரின் கையெழுத்து பாதியோடு போயிருக்கும். வண்ணம் கோட்டை விட்டு விலகி, பூதத்தின் சிவப்பு அதன் உடலுக்கு வெளியே ஒரு நூல் அளவு வழிந்து நிற்பதைக் கண்டு இதழை ஒதுக்கிவிட வேண்டாம். ரெஜிஸ்டர், அதாவது அச்சில் ஒரு வண்ணத்தின்மேல் இன்னொன்று சரியாகப் பொருந்துவது, சற்றே நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அந்த வழிசல் பிடிக்கும். பூதம் அதிர்ந்துகொண்டிருப்பது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது.

சென்னைக் காற்றிலிருந்து காப்பாற்றுவது

அந்தக் காலத்து இதழ்த் தாள் மலிவான மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டு நிறம் மாறுகிறது. தாளில் ஊறும் அமிலம் இழைகளை உடைக்கிறது. பழுத்த தாளை மடித்தால் அப்பளம் போல நொறுங்குவது இதனால்தான். இதை முழுவதுமாக நிறுத்த வீட்டில் வழி கிடையாது. மெதுவாக்கலாம்.

முதலில் மென்மையான உலர்ந்த தூரிகையால் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. துருப்பிடித்த ஊசியை நுனி மழுங்கிய கத்தியால் மெல்ல நிமிர்த்திப் பின்பக்கமாக எடுத்துவிட்டு, அதே துளைகளின் வழியாகப் பருத்தி நூலால் தைத்துவிடலாம். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துபோகும், பசை மட்டும் மஞ்சள் பட்டையாகத் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், ஒருமுறை செய்துவிட்டால் திரும்ப வழியில்லை. கடைகளில் கிடைக்கும் மினுமினுப்பான பிவிசி உறைகள் நாளாவட்டத்தில் பிசுபிசுத்து மையை ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையோ, அமிலமற்ற தாளால் செய்த மடிப்போ போதும். அதுவும் கிடைக்காவிட்டால் நன்கு துவைத்துக் கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்தது போலாகும்.

பீரோவை மழை வாங்கும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல், உள்சுவர்ப் பக்கம் நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். தரையோடு ஒட்டிய அடித்தட்டில் இதழ்களை வைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த நகரத்தில் அடித்தட்டுப் புத்தகங்கள் போன கதை எல்லோருக்கும் தெரியும். தாளுக்கு ஐம்பது விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் உகந்தது, நம் ஊர்க் காற்றில் அது பெரும்பாலான நாட்களில் கிடைக்காது. அதனால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, ஐப்பசி கார்த்திகையில் அடிக்கடி மாற்றுங்கள். வசம்பு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதைத் துணியில் முடிந்து தாளில் படாமல் வைக்கலாம். பூச்சி ஏற்கெனவே விழுந்துவிட்ட இதழை பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். எடுத்தவுடன் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அறைச் சூட்டில் விட்டுப் பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துவிடும்.

வெள்ளத்தில் நனைந்த இதழுக்கும் ஃப்ரீசர்தான் முதலுதவி. வெயிலில் காயப் போட்டால் தாள் நெளிந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உறைய வைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது. அதன்பிறகு சாவகாசமாக ஒவ்வொன்றாக எடுத்து, பக்கங்களுக்கு நடுவே மை உறிஞ்சும் தாளை வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம்.

ஸ்கேன் செய்வதும் அச்சிடுவதும்

இதழ் எப்படியும் ஒருநாள் உதிரும் என்பதால், ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் செய்து வைத்துவிடுவது அவசியம். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்திலேயே, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் எடுங்கள். பக்கத்தின் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்தால் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிவது வெகுவாகக் குறையும். இந்தச் சின்னத் தந்திரம் தெரியாமல் மணிக்கணக்கில் கணினியில் அழித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. முதல் பிரதியை எந்தத் திருத்தமும் இல்லாமல் டிஃப் கோப்பாகச் சேமித்து, கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், பக்கம், ஓவியர் ஆகியவற்றை எழுதுங்கள். பழுப்பை நீக்குவது, வண்ணத்தைத் தூக்குவது எல்லாம் அதன் நகலில் செய்துகொள்ளலாம்.

வண்ணப் படங்களை ஸ்கேன் செய்யும்போது அலை அலையாக ஒரு கட்டம் தெரிந்தால், ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் படம் முழுவதும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளால் ஆனது என்பது தெரியும். அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் வரிசையும் மோதுவதால் வரும் கோளாறு இது. இதைக் குறைக்க ஸ்கேனர் மென்பொருளில் இருக்கும் டிஸ்கிரீன் என்ற வசதியைப் பயன்படுத்தலாம், ஆனால் அளவாக. அதிகமானால் சங்கரின் கூர்மையான கோடுகள் மழுங்கிவிடும். கோட்டுப்படத்துக்கு அதைத் தொடவே வேண்டாம். ஸ்கேனர் இல்லாதவர்கள், நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், கைப்பேசியைத் தாளுக்குச் சரிசமமாகப் பிடித்து எடுத்தாலும் ஓரளவு நன்றாகவே வரும்.

சுவரில் மாட்ட விரும்பினால் அசலை ஃப்ரேம் போடாமல், ஸ்கேனைப் பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சிட்டு மாட்டுங்கள். 600 டிபிஐயில் எடுத்ததை 300-இல் அச்சிட்டால் நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்காகும், தெளிவும் குறையாது. அதற்கு மேல் பெரிதாக்கினால் புள்ளிகள் துருத்திக்கொண்டு தெரியும். குழந்தைகள் அறையில் மாட்டுவதானால் சித்ராவின் குகைகளைச் சற்று உயரமாக மாட்டுவது நல்லது என்பது அனுபவசாலிகள் சொல்வது.

வீட்டில் வைத்துக்கொள்ளும் அளவில் இதில் சிக்கல் எதுவும் இல்லை. டி ஷர்ட்டில் போட்டு விற்பது, போஸ்டர் அடித்து விற்பது, தொகுத்து நூலாக வெளியிடுவது எல்லாம் வேறு விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்துக்கான உரிமை அதை வரைந்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. அந்தக் கணக்கில் வபாவின் படங்களுக்கு 2052 முடியும் வரையிலும், சங்கரின் படங்களுக்கு 2080 முடியும் வரையிலும் உரிமை இருக்கிறது. இதழின் உரிமை கைமாறியிருப்பதால் அனுமதியை யாரிடம் கேட்பது என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். நண்பர்களுக்கு ஒரு படத்தை அனுப்பும்போது, ஓவியரின் பெயரையும் மாதத்தையும் ஆண்டையும் கீழே எழுதி அனுப்புங்கள். கையெழுத்து இருக்கும் மூலையை வெட்டிவிட்டு அனுப்பும் வழக்கம் இப்போது அதிகமாகி வருகிறது, அதை மட்டும் செய்யாதீர்கள்.